பிர்துகானுக்குச் சேர்த்த புள்ளிகள்

புதன்கிழமை மதியம். அடீஸ் அபாபாவின் கஸாஞ்சிஸ் பகுதியில், ஒரு மக்கியாத்தோ காபிக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில், தாரிக்கு ஒரு தட்டு வறுத்த ஆட்டிறைச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஃபாசிகா, அதாவது ஈஸ்டர் பண்டிகை, முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பெருநோன்பு முழுக்கப் பருப்பும் கீரையும் தின்று நாக்கு செத்துப்போன மனுஷன் அவன். பண்டிகைக்குப் பிந்தைய ஐம்பது நாளும் அவனுக்குக் கொண்டாட்டம். மற்ற வாரங்களில் புதனும் வெள்ளியும் கறி, பால் தொடாத நோன்பு நாள்; அந்த ஐம்பது நாளில் புதன் ஏது, வெள்ளி ஏது? ஊரே கசாப்புக்கடை வாசலில்தான் நிற்கும்.

எதிரே எத்தெனேஷ் அம்மாள் ஆரஞ்சுப் பழத்தை அவசரமே இல்லாமல் உரித்துக்கொண்டிருந்தார். குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாரிக்குவின் மனைவிக்கு அக்கா. சொந்தமாகத் துப்பறியும் தொழில் தொடங்கியபோது, நீல நிற லாடா டாக்சியோடு தாரிக்கு தானாகவே வந்து ஒட்டிக்கொண்டான். அவர் போகச் சொல்லவில்லை, அவனும் போகவில்லை.

"மதினி, ரெண்டு வாரமா ஒரு கேஸும் இல்ல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"வாய் நல்லாத்தானே ஓடுது," என்றார் அவர்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. மழையில் நனைந்த ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயதிருக்கும். தலையில் போட்டிருந்த வெள்ளை நெத்தெலா துணி தோளோடு ஒட்டிக் கிடந்தது. நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் பேரு யேஷி. மெஸ்ஃபின் காபி கம்பெனியில வேலை. நேத்து வரைக்கும்." "திருடின்னு சொல்லி வெளிய அனுப்பிட்டாங்கம்மா."

தாரிக்கு தட்டை நகர்த்திவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தான். எத்தெனேஷ் ஆரஞ்சில் பாதியை அவளிடம் நீட்டினார். "உக்காரு. முதல்ல இதைச் சாப்பிடு. அப்புறம் சொல்லு."

யேஷி சொன்னாள். கம்பெனிக்காரர்கள் எந்த ஊருக்குப் பறந்தாலும் டிக்கெட் போடுவது அவள்தான். பணம் கம்பெனியுடையது. ஆனால் டிக்கெட் போடுகிற ஆளின் கணக்கில் விமானக் கம்பெனி பரிசாகக் கொஞ்சம் புள்ளி ஏற்றும். போதுமான புள்ளி சேர்ந்தால் இலவசமாக ஒரு டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். யேஷி இரண்டு வருடமாக அந்தப் புள்ளிகளைத் தொடாமல் சேர்த்தாள்.

"எதுக்கு?" என்று தாரிக்கு குறுக்கே புகுந்தான்.

"என் தங்கச்சி பிர்துகான் பெய்ரூத்துல வீட்டு வேலை செய்யுது. ஒப்பந்தம் முடிஞ்சும் அந்த வீட்டம்மா பாஸ்போர்ட்டக் குடுக்கல. அழுது, சண்டை போட்டு, இப்பத்தான் குடுக்கறேன்னு ஒத்துக்கிட்டா. அதுலயும் ஒரு கண்டிஷன். வர்ற புதன்கிழமைக்குள்ள சொந்தச் செலவுல டிக்கெட் காட்டணும். இல்லன்னா இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வச்சிருவா. அந்தப் பொண்ணு சமையலறைத் தரையில படுக்குதும்மா. எங்கிட்டப் பணம் இல்ல. பாயிண்ட் மட்டும்தான் இருந்துச்சு."

"இருந்துச்சா?" என்றார் எத்தெனேஷ்.

யேஷி ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். அவள் கணக்கிலிருந்த புள்ளிகளைக் கொண்டு வாங்கிய டிக்கெட். அடீஸிலிருந்து பாங்காக்குக்கு. பயணி பெயர் யேஷி. வருகிற வாரத்துக்கு அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை காலை. ஜன்னலோர இருக்கை. நோன்புச் சாப்பாடு.

"நான் இதை வாங்கவே இல்லம்மா! சத்தியமா! பாங்காக் எந்தத் திசையில இருக்குன்னே எனக்குத் தெரியாது. இந்தத் தாளு ஆபீஸ் பிரிண்டர்ல கிடந்துச்சாம். முதலாளி அத்தோ மெஸ்ஃபின் அதுல என் பேரைப் பாத்தாரு, கத்த ஆரம்பிச்சாரு. 'என் காசுல வந்த பாயிண்ட்டுல உல்லாசப் பயணமா? தங்கச்சி, தங்கச்சின்னு அழுதது நடிப்பா?'ன்னு கேட்டாரு. உடனே விமானக் கம்பெனிக்குப் புகார் எழுதி என் கணக்கை முடக்கிட்டாரு. அவர் புகாரைத் திரும்ப வாங்கினாத்தான் இந்த டிக்கெட்டை ரத்து பண்ணி பாயிண்ட்டைத் திருப்பிப் போடுவாங்க."

எத்தெனேஷ் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இந்த மாசம் பாயிண்ட் விஷயமா ஆபீஸ்ல ஏதாவது பேசினியா?"

"பேசினேன். நான் போட்ட டிக்கெட்டுக்குக் கணக்குப் பாத்தா பாயிண்ட் கம்மியா இருந்துச்சு. விடுபட்டுப்போச்சு போலன்னு நினைச்சு, விமானக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கேன்னு போன வாரம் காபி நேரத்துல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"எல்லாரும்னா?"

கணக்குப் பார்க்கும் அத்தோ வொர்க்கு, அதாவது வொர்க்கு ஐயா. காபி ருசி பார்க்கும் நாசிர். முதலாளியின் அக்கா மகன் டாவிட். அமெரிக்காவிலேயே வளர்ந்தவன், பெருநோன்பு தொடங்கிய சமயத்தில் வந்து சேர்ந்து, வெளிநாட்டு வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறான். மாலையில் மூன்று சுற்று காபி ஊற்றி முடியும் வரை யேஷியின் கம்ப்யூட்டர் திறந்தேதான் கிடக்கும். பாங்காக் டிக்கெட் வாங்கப்பட்ட திங்கட்கிழமை, மூன்றாவது சுற்றுக்கு முன்னால் மூவருமே எழுந்து போனார்கள். வொர்க்குவுக்கு வங்கி, நாசிருக்குத் தொழுகை, டாவிட்டுக்குப் போன்.

"பிரிண்டர்லேர்ந்து தாளை எடுத்துக் குடுத்தது யாரு?"

"நாசிர்."

தாரிக்கு தொடையில் அடித்துக்கொண்டான். "ஆள் சிக்கிட்டான், மதினி!"

"உன் தட்டுல கறி ஆறுது. அதைப் பாரு," என்றார் எத்தெனேஷ்.

வியாழக்கிழமை காலையிலேயே தாரிக்கு வண்டியைக் கிளப்பினான். ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் வரிசை நகரவே இல்லை. அவன் இறங்கிப் போய்ப் பார்த்தான், ஏறினான், ஹாரன் அடித்தான், முன்னால் நின்ற மினிபஸ்காரனின் குடும்பத்தையே வம்புக்கு இழுத்தான். அங்கே ஒரு பெண்ணின் தங்கை தரையில் படுத்துக் கிடக்கிறாள், நாள் ஓடுகிறது, இங்கே இவர்கள் சாவகாசமாக வரிசையில் நிற்கிறார்களே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. பின்சீட்டில் எத்தெனேஷ் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மெஸ்ஃபின் கம்பெனியில் காபித் தூசி மணத்தது. கணக்குக்கார வொர்க்கு நெற்றியில் சிலுவை பச்சை குத்திய பெரிய மனிதர். பேசும்போது வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல பொண்ணுதான். ஆனா முதலாளி முடிவெடுத்தப்புறம் நாம என்ன சொல்றது? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

நாசிர் ஹரார் நகரைச் சேர்ந்தவர். கரண்டியில் காபியை உறிஞ்சித் துப்பிவிட்டுத்தான் பதில் சொன்னார். "ஆமா, தாளை நான்தான் எடுத்தேன். பிரிண்டர்ல கிடந்தா எடுக்க மாட்டாங்களா? எடுத்து யேஷி மேசையிலதான் வைக்கப் போனேன். டாவிட் பக்கத்துல நின்னாரு, 'என்னது அது?'ன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு." மறுபடி உறிஞ்சினார். "போன வெள்ளிக்கிழமை எங்க தெரு கசாப்புக்கடையில உங்க ஆளுங்க கூட்டம் தாங்கல. நான் வெறும் கையோட வீட்டுக்குப் போனேன். அந்தக் கோபமே எனக்கு இன்னும் தீரல, இதுல திருட்டுக் கேஸ் வேறயா?"

"டாவிட் அடிக்கடி வெளியூர் போவாரோ?" என்று எத்தெனேஷ் பேச்சுவாக்கில் கேட்டார்.

"ஓ, பெரிய பயணி! ஜிம்மாவுக்கு எத்தனை தடவை போயிட்டாரு தெரியுமா? போயிட்டு ஒரு பிடி காபிக்கொட்டை, ஒரு புட்டி தேன் கொண்டாந்திருப்பாரா? ஜிம்மாவுக்குப் போய் வெறுங்கையோட வர்ற ஆள என் ஆயுசுல இப்பத்தான் பாக்கிறேன். கஞ்சன்!"

டாவிட் மரியாதையான பையன். எழுந்து நின்று இரண்டு கையாலும் கைகுலுக்கினான். "மேடம், யேஷி மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. நம்ம ஊர்ப் பழக்கவழக்கம் மேல எனக்கு ரொம்ப மரியாதை. அவங்க விரதம் இருக்கிறதைப் பாத்தே நான் நிறையக் கத்துக்கிட்டேன். அவங்க இப்படிச் செஞ்சது வருத்தமா இருக்கு."

தாரிக்குவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. வெளிநாட்டில் வளர்ந்தும் பிள்ளைக்கு எவ்வளவு பணிவு!

மாலையில் எத்தெனேஷ் யேஷியை அழைத்துக்கொண்டு விமானக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். புள்ளிக் கணக்கு முடக்கத்தில் இருந்தாலும், டிக்கெட் போட்டவள் என்ற முறையில் அவள் போட்ட டிக்கெட்டுகளைப் பற்றிக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. தாரிக்கு வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் அந்தக் கட்டடத்தையே சுற்றிச் சுற்றி வந்தான். ஒருவழியாக இருவரும் வெளியே வந்தபோது யேஷியின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன மதினி? என்ன சொன்னாங்க? யாராம்?"

"நாளைக்கு மதியம் அத்தோ மெஸ்ஃபின் ஆபீஸ்ல நமக்குச் சாப்பாடு. நானே கேட்டு வாங்கியிருக்கேன்."

"சாப்பாடா? நான் யாருன்னு கேட்டேன்!"

"நாளைக்குப் பசியோட வா," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தாரிக்குவுக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை. அவன் புரண்ட புரளலில் மனைவிதான் எழுந்து வேறு அறைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளியின் அறையில் எல்லோரும் கூடினார்கள். மெஸ்ஃபின் பருத்த, சிவந்த மனிதர். யேஷியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இவ எதுக்கு இங்க?"

"சாப்பிடத்தான்," என்றார் எத்தெனேஷ். "எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம். தம்பி டாவிட், கீழ ஓட்டலுக்குப் போன் பண்ணி எல்லாருக்கும் நீங்களே சொல்லிடுங்களேன். உங்களுக்குத்தான் எல்லார் பழக்கமும் தெரியுமே."

டாவிட் சந்தோஷமாகப் போனை எடுத்தான். "நாசிருக்கும் எனக்கும் வறுத்த ஆட்டுக்கறி. மாமாவுக்கு, அத்தோ வொர்க்குவுக்கு, யேஷிக்கு, மேடத்துக்கு, இந்த டிரைவர் அண்ணனுக்கு நோன்புத் தட்டு. பருப்பு, கீரை, எண்ணெய் மட்டும். பால், வெண்ணெய் எதுவும் கலக்கக் கூடாது. இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

வொர்க்குவின் வாய் திறந்தபடி நின்றது. தாரிக்குவுக்கோ நெஞ்சே வெடித்துவிடும்போல் இருந்தது.

"அட பாவி! ஐம்பது நாளுக்குள்ள எனக்குப் பருப்பா?" என்று கத்தியே விட்டான்.

"டேய், டாவிட்," என்றார் மெஸ்ஃபின் குழப்பத்தோடு, "ஃபாசிகா முடிஞ்சு இப்ப எவன்டா வெள்ளிக்கிழமை பாக்கிறான்? இந்த நாள்ல நோன்பு இருக்கவே கூடாதுன்னு சாமியாரே சொல்வாரே?"

"பாவம், பிள்ளைக்குத் தெரியாது," என்றார் எத்தெனேஷ். "நோன்பு தொடங்கின சமயத்துல வந்தவரு. யேஷி பட்டினி கிடந்ததை மட்டும்தான் பாத்தாரு. பண்டிகைக்கு அடுத்து வந்த புதன், வெள்ளி ரெண்டு நாளும் அவரு ஆபீஸ்ல இல்ல, ஜிம்மாவுல இருந்ததாக் கேள்வி." கையோடு கொண்டுவந்திருந்த டிக்கெட் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "அத்தோ மெஸ்ஃபின், அன்னைக்குக் கோபத்துல பேரை மட்டும் பாத்தீங்க. இப்பச் சாப்பாட்டையும் பாருங்க. அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, அதே ஐம்பது நாளுக்குள்ள, நோன்புச் சாப்பாடு கேட்டிருக்கு. வருஷம் முழுக்க நோன்பு பாக்கிற பொண்ணு இதைக் கேக்குமா? வொர்க்கு கேப்பாரா? நாசிர் முஸ்லிம்தான், ஆனா நம்ம ஐம்பது நாளு அவருக்கு நம்மள விட நல்லாத் தெரியும். கறி கிடைக்காம வீட்டுக்குப் போறவரு அவரு."

நாசிர் தலையாட்டினார். "இன்னைக்கும் கிடைக்கல."

டாவிட் போனை மேசையில் வைத்தான். "மேடம், சாப்பாட்டுல ஒரு தப்புப் பண்ணினா நான் திருடனா? யாரு வேணும்னாலும் அதைத் தப்பா அழுத்தியிருக்கலாம்."

"சரிதான். இது மட்டும் இருந்தா நானும் வாயத் திறக்க மாட்டேன். ஆனா எனக்கு முதல் நாள்லேர்ந்தே ஒரு கேள்வி. பாயிண்ட்டத் திருடறவன் தனக்கோ தன் ஆளுக்கோ டிக்கெட் வாங்குவான். இவன் யேஷி பேர்லயே வாங்கியிருக்கான். அப்போ அவனுக்கு டிக்கெட் வேண்டாம். யேஷி வேலையை விட்டுப் போகணும், அவ கணக்கு முடங்கணும். ஏன்?" அவர் யேஷியைப் பார்த்தார். "ஏன்னா பாயிண்ட் கம்மியா இருக்கே, எந்தப் பயணத்துக்கு ஏறலன்னு இவ எழுதிக் கேட்டுட்டா. டிக்கெட் போட்டதும் பாயிண்ட் வராது. ஆள் பறந்து இறங்கின பிறகுதான் வரும். ஏறாத பாயிண்ட்டுன்னா, பறக்காத ஆள்னு அர்த்தம்."

"ஜிம்மா!" என்றார் நாசிர். கரண்டி கையிலிருந்து விழுந்தது. "அதான் தேனைக் காணோம்! போனாத்தானே கொண்டாருவான்!"

"நேத்து விமானக் கம்பெனியில சொன்னாங்க. டாவிட் பேர்ல போட்ட டிக்கெட்ல ஒண்ணுல கூட ஆள் ஏறல. ஒவ்வொண்ணையும் ரத்து பண்ணி, பயணிங்கிற முறையில பணத்தை இவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரு. இங்க பயணப்படியும் வாங்கிக்கிட்டு, அந்த நாளெல்லாம் எங்க இருந்தீங்க தம்பி?"

டாவிட் மாமாவைப் பார்த்தான். கண் கலங்கியது. "திருப்பி வச்சிரலாம்னுதான் நினைச்சேன், மாமா. சூதாட்டம்... போன்லயே ஆடுறது... அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தா நீங்க பாத்திருவீங்கன்னு பயந்துட்டேன்."

மெஸ்ஃபின் நாற்காலியில் சரிந்தார். பிறகு திடீரென்று, யார் மேலாவது பாய்ந்தால்தான் ஆறும் என்பதுபோல், யேஷி பக்கம் திரும்பினார்.

"சரி, நீ திருடல. ஆனா அந்தப் பாயிண்ட் யாருது? பணம் என்னுது, பயணம் என்னுது. நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

தாரிக்குவுக்கு ரத்தம் கொதித்தது. மதினி ஏதாவது சொல்லட்டும் என்று பார்த்தான். ஆனால் யேஷிதான் பேசினாள். நனைந்து வந்த அன்றைக்குப் பிறகு அவள் குரல் முதல்முறையாக நடுங்காமல் வந்தது.

"கேட்டேன் அத்தோ. இதே ரூம்ல. 'பாயிண்ட்ட நான் வச்சிக்கட்டுமா?'ன்னு கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. 'அதை வச்சு நான் என்ன காபியா வறுக்கப் போறேன்? எடுத்துக்கோ போ'ன்னீங்க. உங்களுக்கு மறந்துபோச்சு. ஆனா அப்போ ரெண்டு பேரு பக்கத்துல இருந்தாங்க."

இப்போதுதான் எத்தெனேஷ் மெல்லத் தலையைத் திருப்பி வொர்க்குவையும் நாசிரையும் பார்த்தார். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. வொர்க்குவின் நெற்றிச் சிலுவை சுருங்கியது.

"அதை நான் காதால கேட்டேன்," என்றார் நாசிர் தரையைப் பார்த்தபடி. "உன்னை வெளிய அனுப்பினப்பவே சொல்லியிருக்கணும். வாயில காபியை வச்சுக்கிட்டு சும்மா இருந்துட்டேன். வெக்கமா இருக்கு."

"நானும் கேட்டேன்," என்றார் வொர்க்கு. "மன்னிச்சுக்கோம்மா யேஷி."

மெஸ்ஃபின் போனை எடுத்து விமானக் கம்பெனியை அழைத்தார். புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். பாங்காக் டிக்கெட்டை ரத்து செய்தார்கள், புள்ளிகள் திரும்பி வந்தன. யேஷி பெய்ரூத் என்று அழுத்தினாள். திரையையே பார்த்தாள். முகம் விழுந்தது.

"என்ன?" என்றான் தாரிக்கு.

"பத்தாதுண்ணே. பாங்காக் டிக்கெட் ரெண்டு வாரம் தள்ளி, அதான் மலிவு; நாலு நாள்ல பறக்கணும்னா பாயிண்ட் அதிகமாக் கேக்குது. டாவிட் பறந்தாருன்னு நினைச்சுச் சேத்துதான் கணக்குப் போட்டிருந்தேன். அந்தப் பயணம் எதுவும் நடக்கவே இல்லையே. அந்தப் பாயிண்ட் எங்கயுமே இல்ல."

தாரிக்கு தலையில் கை வைத்துக்கொண்டான். திருடனைப் பிடித்து என்ன பயன்! வொர்க்கு மூக்கை உறிஞ்சினார். டாவிட் மெதுவாக எழுந்தான்.

"மாமா, நான் இங்க இருக்க வேணாம். ஞாயித்துக்கிழமைக்கு வாஷிங்டன் டிக்கெட் வச்சிருக்கேன். போயிடறேன். அங்கிருந்து எல்லாத்தையும் அனுப்பறேன்."

"டிக்கெட் வச்சிருக்கியா?" மெஸ்ஃபின் நிமிர்ந்தார்.

"ஆமா, எப்பவும் ஒண்ணு கையில இருக்கும். எதுக்கும் இருக்கட்டும்னு."

"எதுக்கும் இருக்கட்டும்னு," என்று மெஸ்ஃபின் திருப்பிச் சொன்னார். குரல் கரகரத்தது. "டிக்கெட்ட ரத்து பண்ணிக் காசு வாங்கத்தான் உனக்கு நல்லாத் தெரியுமே. இதையும் ரத்து பண்ணு. இப்பவே, என் கண்ணு முன்னால. அந்தக் காசுல பெய்ரூத்துக்கு டிக்கெட் போடணும். உன் அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நாளையிலேர்ந்து நீ நாசிரோட பஸ்ல ஜிம்மா போற. மூட்டை தூக்கற. கடன் தீர்ற வரைக்கும் இங்கதான் இருப்ப."

டாவிட் மறுத்துப் பேசவில்லை. போனில் எதையோ அழுத்தி, காட்டி, மறுபடி அழுத்தினான். அவன் மூக்கு நுனியில் வியர்வை நின்றது. டிக்கெட்டை யேஷிதான் போட்டாள். மெஸ்ஃபின் அவளை நேராகப் பார்க்க முடியாமல், "உன் கணக்குலயே போடு. பாயிண்ட் உனக்கே ஏறட்டும்," என்றார்.

செவ்வாய்க்கிழமை விமானம். யேஷி பெய்ரூத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தாரிக்கு எழுந்து ஜன்னலுக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். "எடு தாயி, எடு," என்று முணுமுணுத்தான். கடைசியில் அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தத்தோடு ஒரு தாழ்ந்த குரல் கேட்டது.

"அக்கா? சீக்கிரம் சொல்லு. வீட்டம்மா பக்கத்து ரூம்ல இருக்கா."

"டிக்கெட் போட்டாச்சு பிர்துகான். செவ்வாய்க்கிழமை. உன் பேர்ல இருக்கு."

குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல் சந்தேகத்தோடு, அதட்டல் வாங்கி வாங்கிப் பழகிப்போன குரலில் கேட்டது.

"இவங்க கேப்பாங்க அக்கா. திரும்பி இங்க வர்றதுக்கும் சேத்துப் போட்டியா?"

"இல்லடி," என்றாள் யேஷி. "ஒருவழி டிக்கெட்டுதான்."

அந்தப் பக்கம் குழாயை யாரோ மூடினார்கள்.